எக்செல் தாளில் ஓடிய லாரி

என் வேலை எண்களை மாற்றுவது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழித் தீவன ஆலையின் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயா எத்தனை, தவிடு எத்தனை, கிளிஞ்சல் எத்தனை என்று தினமும் காலையில் ஒரு கலவைத் தாள் போட்டு ஆலைக்குள் அனுப்ப வேண்டும். கிளிஞ்சலைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் போதும், சில நாளில் ஏதாவது ஒரு பண்ணைக்காரர் போனில் கத்துவார், முட்டையைக் கையில் எடுத்தாலே ஓடு நொறுங்குகிறது என்று. ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைத் தொட்டால் அது எங்கேயோ ஓர் உயிரைப் போய்த் தொடும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கோழிகளிடம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கம்ப்யூட்டர் கேமில் இருக்கும் எண்களை மாற்றுவதற்கு நானே ஒரு கருவி செய்தேன் என்று கேள்விப்படுகிறவர்கள், நான் ஏதோ பெரிய படிப்புப் படித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் எக்செல்லும் அதற்குள் எழுதும் மேக்ரோவும்தான். தினமும் கையால் செய்கிற வேலையை ஒரு பட்டனுக்குள் அடைத்து வைப்பதற்குப் பெயர் மேக்ரோ. கேம் விளையாடும் பழக்கம் எனக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னால், விளையாடுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

விளையாட வேண்டி வந்தது என் வீட்டுக்காரருக்கு.

அவர் லாரி டிரைவர். இருபத்திரண்டு வருடம் நேஷனல் பர்மிட் வண்டியில் வடக்கே போய் வந்தவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நாலு நாளும் எங்களுக்குச் சண்டை போட நேரம் பத்தாது. அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் மத்தியானம் லோடின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது, இழுத்த கயிறு அறுந்து மல்லாக்கக் கீழே விழுந்தார். வலது தோள் நழுவி, முன்கை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துத் தைத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

கட்டைப் பிரித்தபோதுதான் நிலைமை புரிந்தது. கை தோளுக்கு மேல் எழவில்லை. முழங்கை பாதி மடங்கிய வாக்கிலேயே நின்றுவிட்டது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சட்டையில் சிந்தியது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "எலும்பு கூடிருச்சு. இனிமே என் கையில ஒண்ணுமில்ல. இப்பவே பயிற்சி பண்ணி நீட்டி மடக்கலைன்னா இது இப்படியே இறுகிப்போயிரும். அப்புறம் ஸ்டேரிங்கை மறந்துர வேண்டியதுதான்."

பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பெண் தினமும் சேலத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து போகிறவள். சின்ன வயசு, நல்ல பொறுமை. ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அதை அமுக்கச் சொன்னாள். சுவரில் விரல்களால் படியேறுவது போல் மேலே மேலே கொண்டுபோகச் சொன்னாள். அவர் மூன்று நாள் செய்தார். நாலாம் நாள் பந்து டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டது.

"பந்தை அமுக்கீட்டு ஊட்டுல உக்கோந்திருக்கறதுக்கா நான் பொறந்தேன்?" என்றார்.

நான் கெஞ்சினேன், கத்தினேன், சாப்பாடு போடாமல் இருந்து பார்த்தேன். நான் கோபத்தில் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்காது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. எதுவும் பலிக்கவில்லை. அவர் நாள் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரமத்தி வேலூர் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்தை வைத்தே என்ன வண்டி, எந்த வருடத்து மாடல் என்று முணுமுணுப்பார். கை மடியில் கிடக்கும். நாள் போகப் போக அந்தக் கை இறுகிக்கொண்டே போகிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தப் பிசியோதெரபிப் பெண்தான் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, அண்ணனுக்குப் பந்து புடிக்கலைன்னா விட்டுருங்க. வட்டமா, திருப்பற மாதிரி ஏதாவது குடுங்க. அவரா ஆசைப்பட்டுச் செய்யணும். அப்பதான் கை வரும்."

வட்டமாக, திருப்புகிற மாதிரி. எனக்கு என் தம்பி ஞாபகம் வந்தான். சேலத்தில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டேரிங்கும் கால்மிதிகளும் வாங்கி லாரி கேம் விளையாடிக்கொண்டிருந்தவன், கல்யாணம் ஆனதும் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டான். போன் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பழைய கம்ப்யூட்டரில் கேமை ஏற்றி, என் தையல் மெஷின் மேசையின் விளிம்பில் ஸ்டேரிங்கை முறுக்கி மாட்டிவிட்டுப் போனான். அன்றைக்குப் போன தையல் மெஷின் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

கேமில் ஏதோ குளிர் நாடு. ரோட்டோரமெல்லாம் பனி. அந்த ஊரில் வண்டிகள் வலது பக்கம் போகும். இவர் உட்கார்ந்ததும் இடது பக்கம் எடுத்துவிட்டார். எதிரே வந்த கார்கள் எல்லாம் அலறின, திரையில் அபராதம் அபராதமாக விழுந்தது.

"ஏனுங்க, அந்த ஊர்ல வலது பக்கந்தான் போகோணுமாமா" என்றேன்.

"இருவத்திரண்டு வருசமா இடது பக்கம் போறவன் நான். ஒரு பொம்மைக்காகக் கையைப் பழக்கி மாத்திக்கிட்டா, நாளைக்கு நெசத்துல எவன் மேல கொண்டுபோயி உடறது?"

அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. ஸ்டேரிங்கை இரண்டு மூன்று சுற்று சுற்றினால்தான் வண்டி வளைவில் திரும்பும். அவரால் அரைச் சுற்றுக்கு மேல் முடியவில்லை. இருபது டன் லோடு ஏற்றிய லாரி ஒரு வளைவில் அப்படியே சாய்ந்து விழுந்தது. திரையில் லாரி பக்கவாட்டில் கிடக்க, அதன் மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அந்த மேசைப் பக்கமே வரவில்லை. அவர் பார்த்தது கேம் லாரியை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

எனக்குக் கேமின் மீது கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கேம் கம்ப்யூட்டரில் எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் போனேன். ஒரு பெரிய போல்டருக்குள் நூற்றுக்கணக்கில் பைல்கள். பெரும்பாலானவற்றைத் திறந்தால் கிறுக்கலாக இருந்தது. ஒன்றில் மட்டும் வரிவரியாக ஒரு பெயர், அதற்கு எதிரே ஓர் எண். ஸ்டேரிங் எத்தனை சுற்று, பிரேக் எவ்வளவு பிடிக்கும், லோடு எத்தனை கிலோ. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் கலவைத் தாள் அல்லவா! இவர்களும் மூட்டைக் கணக்கில் கலந்துதான் லாரியைச் செய்திருக்கிறார்கள்.

ஸ்டேரிங் சுற்றைக் குறைத்து எழுதிச் சேமித்தேன். கேம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பைல் கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வரி. பழையபடி மாற்றினால் திறந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டேன். இணையத்தில் இந்தக் கேமைப் பற்றிப் பேசுகிற ஒரு குழுவில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு எழுதிப் போட்டேன். எந்த நாட்டுக்காரரோ, ஆணோ பெண்ணோ, இன்றுவரை தெரியாது. ஒருவர் பதில் எழுதியிருந்தார். பைலின் கடைசி வரியில் இருக்கும் எண், மேலே உள்ள எல்லா எண்களையும் வைத்துப் போட்ட ஒரு சரிபார்ப்புக் கூட்டல். மேலே ஒன்றை மாற்றினால் கீழேயும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஏற்றுக்கொள்ளாது. அந்தக் கூட்டலை எப்படிப் போடுவது என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் படிப்படியாக எழுதியிருந்தார்.

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. எங்கள் கலவைத் தாளிலும் அப்படித்தான். எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அடியில் ஆயிரம் கிலோ வர வேண்டும். வராவிட்டால் மிக்சர் ஓட்டுகிறவர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதன் பிறகு வேலை ஓடியது. சாப்பாட்டு இடைவேளையில் ஆபீசிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலுமாக எழுதினேன். ஓர் எக்செல் தாள். இடது பக்கம் பெயர்கள். அவர் வாயில் வருகிற வார்த்தைகளையே போட்டேன்: ஸ்டேரிங் சுத்து, பிரேக் புடி, லோடு, ஸ்பிரிங், ரோட்டுப் பக்கம், தூக்கம். நடுவில் இப்போது இருக்கும் எண். அதற்குப் பக்கத்தில் நான் வைக்க விரும்பும் எண். அடியில் பச்சை நிறத்தில் 'மாத்து' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் மேக்ரோ முதலில் பழைய பைலை ஒரு நகல் எடுத்துவைக்கும், பிறகு புது எண்களை எழுதும், கடைசி வரிக் கூட்டலைத் திரும்பப் போடும். அவ்வளவுதான். அதைச் செய்து முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது.

ஒழுங்காக ஓடிவிடவில்லை. ஸ்பிரிங் என்ற இடத்தில் ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். லாரி புறப்பட்டதும் தவளை மாதிரி எகிறிக் குதித்துக்கொண்டே ஒரு பெட்ரோல் பங்கைத் தாண்டிப் போனது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அவராக அந்த மேசைப் பக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

"ரோட்டை இடது பக்கம் மாத்திட்டேனுங்க" என்றேன். "ஒருக்கா உக்கோந்து பாருங்க."

வந்து உட்கார்ந்தார். உட்கார்வதற்கு முன்னால் ஸ்டேரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியில் ஏறும்போது செய்கிற வழக்கம். பிறகு கீழே மிதிகளைப் பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் வெக்கலையா?" என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. நான் நிஜமாகவே பிரிட்ஜிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து மிதிகளுக்கு முன்னால் வைத்தேன்.

ரோட்டுப் பக்கத்தை மாற்றியதை மட்டும்தான் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. அபராதத்தை எடுத்திருந்தேன். டிரைவருக்குத் தூக்கம் வருகிறது என்று திரை இருட்டிக்கொண்டு வருவதையும் எடுத்திருந்தேன். ஸ்டேரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினாலே முழு வளைவும் திரும்பும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் வேலைக்குக் கிளம்பும் முன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். குஞ்சுத் தீவனத்திலிருந்து முட்டைத் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றினால் கோழி தின்னாது. பழையதில் புதியதைக் கலந்து, நாளாக நாளாகப் புதியதைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அதே கணக்குத்தான்.

இன்னொன்றும் செய்தேன். லோடு என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். திரையில் இருபது டன் என்று எழுத்தில் வருவது வேறொரு பைலிலிருந்து வருகிறது. அதைத் தொடவில்லை. ஆக, பார்வைக்கு இருபது டன், ஓடுவது காலி வண்டி. வளைவில் இனிமேல் சாயாது. பனியில் கிடக்கிற லாரியை அவர் இன்னொரு தடவை பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

அவர் ஓட்டினார். காலையில் நான் ஆலைக்குப் போகும்போது உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுவார். மறுபடி உட்காருவார். நான் திரும்பி வரும்போது எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனேன் என்று, வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தமிழ்ப்படுத்திச் சொல்வார். வாரம் ஒருமுறை பிசியோதெரபிப் பெண் ஒரு பிளாஸ்டிக் கோணமானியை முழங்கையில் வைத்து அளந்தாள். "அக்கா, போன வாரத்துக்கு இது எவ்வளவோ பரவால்ல. அண்ணன் வீட்டுல என்ன பண்றாரு?" என்று கேட்டாள். லாரி ஓட்டுகிறார் என்றேன். அவள் பதறிப்போனாள். விஷயத்தைச் சொன்னதும் கை தட்டிச் சிரித்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்தேனே தவிர, மனசுக்குள் நான்தான் பெரிய டாக்டர். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேரிங் சுற்றைக் கூட்டிய பிறகு, லோடு கட்டத்தில் வந்து நிற்பேன். இரண்டாயிரம் கிலோ என்று அடிப்பேன். அந்த வளைவு ஞாபகம் வரும். அழித்துவிட்டு மறுபடி சைபர் போடுவேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே ஏழு திங்கட்கிழமை போனது.

எட்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கூட்டாளி வந்தார். இவரைவிட மூத்த டிரைவர். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, ஒரு சீப்புப் பூவம்பழத்தோடு பார்க்க வந்திருந்தார். தையல் மெஷின் மேசையில் ஸ்டேரிங்கைப் பார்த்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏப்பா, பெட்ரூமுக்கே பர்மிட் வாங்கிட்டயா? எந்திரி, நானும் ஒரு சிங்கிள் ட்ரிப் அடிச்சுப் பாக்கறேன்."

நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே கூட்டாளி ஓட்டுகிற சத்தம் கேட்டது. லாரி ஒரு மேட்டில் ஏறுகிற சத்தம். ஏறி, இறங்கி, பிரேக் போட்டு நிற்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் டீயோடு அறை வாசலில் வந்து நின்றபோது அவர் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ இருவது டன்னுன்னு போட்டிருக்குது. இது காலி வண்டியால்ல போகுது! மேட்டுல கியரே எறக்காம ஏறுதே. பிரேக்கைத் தொட்டா பொறத்தால குதிக்குது பாரு. லோடு வண்டி இப்படிக் குதிக்குமா?"

எண்களை மட்டும் பார்த்துப் பழகியவள் செய்யக்கூடிய தப்பு அது. லோடு என்பதை நான் ஒரு கட்டத்தில் இருக்கும் எண் என்று நினைத்தேன். இந்த ஊர் டிரைவர்களுக்கு அது முதுகில் தெரிகிற விஷயம். கண்ணைக் கட்டிவிட்டு உட்கார வைத்தாலும் வண்டியில் எத்தனை மூட்டை என்று சொல்லுவார்கள். ஏழு வாரமாக ஒரு டிரைவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காலி வண்டிதானுங்ணா" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுமுங்க."

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "தெரிஞ்சுதுன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? நான் என்னமோ திருட்டு வேலை பண்ணுன மாதிரி, இத்தனை நாள் பேசாம உக்கோந்திருந்தீங்களே!"

அவர் பழத்தோலை ஓரமாக வைத்தார். "லோடு ஏத்தறது என்னைக்காவது டிரைவர் வேலையா? பார்ட்டி ஏத்தி உட்டா எடுத்துட்டுப் போறதுதான் நம்ம வேலை. குடோன் வாசல்ல ரெண்டு நாள் மூணு நாள்கூடக் காத்துக் கெடந்திருக்கறேன். சீக்கிரம் ஏத்துங்கன்னு ஒருத்தன்கிட்டயும் போயி நின்னதில்ல. ஸ்டேரிங்கு வாராவாரம் கூடுறதும் தெரியும். அது செரி. லோடை எப்ப ஏத்துவீன்னு பாத்துட்டு இருந்தேன்."

கூட்டாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். நான் சமையலறைக்குள் போய்ச் சும்மா குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஏழு வாரம். தினமும் காலி வண்டி என்று தெரிந்தே உட்கார்ந்து, தெரிந்தே ஓட்டி, சாயங்காலம் நான் வந்ததும் எந்த ஊருக்குப் போனேன் என்று கதை சொல்லியிருக்கிறார். நான் பயப்படுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் பயம் தெளியட்டும் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தக் கையால் முடியாது என்று முடிவு கட்டி வைத்திருந்தவள் நான்தான். எத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு அது குத்தும்.

குழாயை மூடிவிட்டு வந்து கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். எக்செல் தாளைத் திறந்தேன். "எத்தனைங்க?" என்றேன்.

"பத்துப் போடு அம்மிணி, மொதல்ல" என்றார் கூட்டாளி.

"போர்டுல இருவதுன்னு போட்டிருக்குதல்ல?" என்றார் இவர். "போர்டுல இருக்கறதுதான் வண்டில இருக்கோணும்."

இருபதாயிரம் கிலோ என்று அடித்து, பச்சைப் பட்டனை அமுக்கினேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அதே மேடு, அதே வளைவு. வண்டி முனகிக்கொண்டு ஏறியது. வளைவில் கை பத்தவில்லை. லாரி சாய்ந்து விழுந்தது. பனி விழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தப்பு என்னுதுதான்" என்றார் கையை உதறிக்கொண்டே. "மேட்டுக்கு முன்னாடியே கியரை எறக்கியிருக்கோணும். இன்னொருக்கா போடு."

இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை கூட்டாளியால் சும்மா இருக்க முடியவில்லை. கிளீனர் மாதிரி இடது பக்கம் நின்றுகொண்டு, "வா, வா, வா... ஒடி... இன்னும் ஒடி... அப்படியே வா" என்று கத்தினார். வலது கை ஸ்டேரிங்கோடு மேலே ஏறி, இடது பக்கம் தாண்டிக் கீழே இறங்கியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்வை. அந்த முழங்கை அதுவரை அவ்வளவு நீண்டு நான் பார்த்ததே இல்லை. லாரி வளைவைத் தாண்டி நேரானதும் அவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "இப்பத்தான் வண்டி ஓட்டுன மாதிரி இருக்குது" என்றார். நான் அழுதேன். கூட்டாளி என்னைப் பார்க்காமல் வாழைப்பழத்தைப் பற்றி ஏதோ பேசினார். நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு அந்த எக்செல் தாள் என் கையை விட்டுப் போய்விட்டது. அவருக்கு அதில் புது வரிகள் வேண்டியிருந்தது. அவர் ஓட்டிய பழைய லாரியின் ஸ்டேரிங்கில் இரண்டு விரல் அளவுக்கு ஆட்டம் இருக்குமாம், அது வேண்டும். பிரேக் போட்டால் வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்குமாம், அதுவும் வேண்டும். நான் பைலைக் குடைந்து ஒவ்வொரு எண்ணாகத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல, இன்னும் கொஞ்சம் இழுக்கோணும்" என்பார். கேமைச் சுலபமாக்குவதற்கு என்று நான் செய்த கருவியை வைத்துக்கொண்டு, அதை எவ்வளவு கஷ்டமாக்கலாம் என்று இரண்டு பேரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். கல்யாணமாகி அவ்வளவு நாள் நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு வேலை செய்ததே இல்லை. சண்டையும் போட்டோம். அது ஸ்பிரிங்கைப் பற்றிய சண்டை, பிரேக்கைப் பற்றிய சண்டை. அப்படிப்பட்ட சண்டை எனக்குப் பிடித்திருந்தது.

முகம் தெரியாமல் எனக்குக் கூட்டல் சொல்லிக்கொடுத்த அந்த மனிதருக்கு நன்றி என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அதைப் படித்தாரா என்று தெரியாது. லாரியைச் செய்தவர்கள் எல்லா எண்களையும் கிறுக்கலாக மாற்றிப் பூட்டி வைக்காமல், என்னைப் போல் ஒருத்தி திறந்து படிக்கும்படி விட்டு வைத்தார்களே, அவர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். பந்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் தைரியம் அந்தச் சின்னப் பெண்ணுக்கு இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒரு கூட்டாளி சரியான நேரத்தில் வந்து சேர்ந்தார். இதில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்தக் கை மடியிலேயே கிடந்திருக்கும். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

முழங்கை இன்னும் முழுசாக நீளவில்லை. கொஞ்சம் பாக்கி நிற்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வடக்கே போகிற வேலை இனிக் கிடையாது. ஆனால் பக்கத்து ஊர்களுக்கு ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆலையிலேயே பண்ணைகளுக்குத் தீவனம் கொண்டுபோகிற லாரிக்கு ஆள் தேவைப்பட்டது. அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலை. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைக்கு லோடு. எந்த வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றுவது என்று சீட்டு எழுதிக் கொடுப்பதும் என் வேலைதான். அந்த வண்டிக்கு எப்போதும் இருநூறு மூட்டை. லோடு ஏற்றுகிற ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எத்தனைங்கக்கா?" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. இன்றைக்கு மட்டும் நூறு போட்டால் என்ன? மீதியை மத்தியானம் இன்னொரு நடையாக அனுப்பலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. இங்கே வண்டி சாய்ந்தால், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் பக்கம் திரும்பவே இல்லை. லோடு ஆகிற வரைக்கும் டிரைவர்கள் எல்லாரும் நிற்பது போல், டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருநூறு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். அவர் கீழே நின்று ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு பண்ணையில் கொடுக்க வேண்டிய சீட்டை வாங்க ஜன்னலுக்கு வந்தார். அதை விரித்துப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"முழு லோடுங்க" என்றேன்.

"ம்" என்றார். சீட்டை மடித்து, வலது கையை உயர்த்திச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய் வண்டியில் ஏறினார்.